கைமாறும் பொறுப்பு: பெருந்தோட்ட மருத்துவ அமைப்பின் மாற்றம் குறித்த ஓர் அறநோக்கு

1

நிறுவனங்கள் மாறுகின்றன, மாற்றப்படவும் வேண்டும். காலத்தின் தேவைக்கேற்ப மாறாத நிறுவனம் தன் பயனை இழந்து வெறுங்கூடாய் எஞ்சும் என்பதை மறுப்பார் இலர். எனினும், ஒரு தொழிற்சாலையின் அமைப்பை மாற்றுவதும் நோயாளரைப் பேணும் ஓர் அமைப்பை மாற்றுவதும் ஒரே தன்மையன அல்ல. தொழிற்சாலையில் மாற்றம் நிகழுங் காலத்தில் இயந்திரங்களை நிறுத்தி வைக்கலாம். மருத்துவமனையிலோ நோயை நிறுத்தி வைக்க இயலாது. பிரசவ வேதனை அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருப்பதில்லை. எனவே, மருத்துவ அமைப்பின் மாற்றம் முகாமைத்துவம் சார்ந்த ஒரு பிரச்சினையாக மாத்திரமன்றி, அறம் சார்ந்த ஒரு பிரச்சினையாகவும் நோக்கப்படல் வேண்டும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. இவற்றுள் நோயுற்றவனே முதலிடம் பெறுகின்றான் என்பது மனங்கொள்ளத்தக்கது. வள்ளுவரின் வகுப்பில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மருத்துவத்தின் உடைமையாளன் என்று ஐந்தாமவன் ஒருவன் அங்கு இல்லை. நவீன காலத்திலோ, மருத்துவமனையை நடத்துபவர் யார், அதற்குப் பணம் கொடுப்பவர் யார், அதனை மூடவும் திறக்கவும் அதிகாரம் பெற்றவர் யார் என்னும் வினாக்கள் முன்வந்து, நோயுற்றவன் பின்னுக்குத் தள்ளப்படுகின்றான். ஒரு மருத்துவ அமைப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது அம்மாற்றத்தின் சுமையை யார் ஏற்பது அறம்? இவ்வினாவை வெறும் கோட்பாட்டளவில் ஆராய வேண்டிய தேவை இலங்கையில் இல்லை. மலையகப் பெருந்தோட்டங்களின் மருத்துவ வரலாறே அதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாங் காற்பகுதி தொடக்கம் கோப்பிச் செய்கைக்கும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பி அழிந்த பின்னர் தேயிலைச் செய்கைக்குமெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். வழியிலும் தோட்டத்திலும் அவர்களிடையே நேர்ந்த இறப்புகள் குடியேற்ற அரசுக்கே நெருடலை உண்டாக்கும் அளவினவாக இருந்தன. அதன் விளைவாகவே 1872 முதல் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டன. அவற்றைத் தொகுத்துத் திருத்தி அமைத்தது 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். குடியிருப்பு லயன்களைச் சுகாதார நிலையிற் பேணுதல், நோயுற்றோரை மருத்துவமனைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போசாக்கைக் கவனித்தல் ஆகிய கடமைகள் தோட்ட அத்தியட்சகர்மேல் சுமத்தப்பட்டன.

கிராமத்துக் குடியானவனுக்கு அக்காலத்திற் கிடைக்காத ஒரு சட்டப் பாதுகாப்பு இவ்வாறு தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது என்று வாதிடுவாருமுளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அப்பாதுகாப்பின் இயல்பு யாது என்பதை நோக்குதல் வேண்டும். சட்டம் துரைக்குக் கடமையை விதித்தது. தொழிலாளிக்கு உரிமையை வழங்கவில்லை. கடமை தவறியவிடத்துக் கேட்கும் அதிகாரம் அரசாங்க அதிகாரியிடம் இருந்ததேயன்றி, மருந்து கிடைக்காதவனிடம் இருக்கவில்லை. மருந்து கொடுப்பவரும் வேலைக்குப் பேர் பதிபவரும் ஒரே துரையிடம் சம்பளம் பெற்றனர். உடல் நலமில்லை என்று சொல்லும் தொழிலாளியின் சொல்லை நம்புவதா, வேலைக்குக் கள்ளம் செய்கிறான் என்று கொள்வதா என்னும் தீர்ப்பும் அந்த மருந்துச்சாலையிலேயே வழங்கப்பட்டது. நோய் தீர்ப்பவன் நோயாளியின் உழைப்பைக் கணக்கிடுபவனுக்குக் கட்டுப்பட்டவனாக இருக்கும்போது, அவன் எவ்வளவு நல்லவனாயினும், அவனுடைய நிலைமை அறத்தின் நோக்கிற் குறைபாடுடையதே. பல தோட்டங்களில் நோயாளருக்காக இரவு பகல் பாராது உழைத்த மருத்துவ உதவியாளரும் மருத்துவிச்சிகளும் இருந்தனர். அவர்களின் நன்மனத்தை ஐயுற வேண்டுவதில்லை. ஆனால் ஒருவரின் நன்மனத்தை நம்பியிருக்கும் நலம், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் உடன் செல்வதாகும்.

3

அமைப்பு மாறாமல் மருந்து மாத்திரம் மாறினால் யாது நிகழும் என்பதற்குக் கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி சான்றாகும். 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் இலங்கைத் தோட்டங்களில் இம்முயற்சியைத் தொடங்கியது. மலத்தினால் மாசுற்ற மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலினூடே புகுந்து, குடலிற் தங்கி, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும் இப்புழு, தோட்டத் தொழிலாளரிடையே மிகப் பரவலாகக் காணப்பட்டது. திரள்திரளாகத் தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. சில மாதங்களில் அவை மீண்டும் புகுந்தன. மண் மாறவில்லை, மலகூடங்கள் இல்லை, காலில் அணிய ஒன்றுமில்லை. மலகூடங்களுக்கான செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்து உட்கொள்வது தொழிலாளியின் கடமையாயிற்று. மலகூடம் கட்டுவது எவருடைய அவசரக் கடமையாகவும் ஆகவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை தெளிவானது. அதிகாரம் குறைந்தவரின் உடலை மாற்றுவது எளிது; அதிகாரம் மிகுந்தவரின் செலவுக் கணக்கை மாற்றுவது அரிது. ஆகையால் சீர்திருத்தங்கள் எளிய வழியையே நாடுகின்றன. 1926இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, நோயை மருந்தினால் மாத்திரமன்றி வீடு, நீர், மண், கல்வி என்பவற்றோடு சேர்த்து நோக்கும் முறை நாட்டில் வேரூன்றத் தொடங்கியது. ஆயினும் அந்நோக்கு கிராமங்களில் வளர்ந்த அளவுக்குத் தோட்ட எல்லையைக் கடக்கவில்லை.

4

சர்வசன வாக்குரிமை 1931இல் இலங்கைக்குக் கிடைத்தது. வாக்காளரின் தேவைகளுக்குச் செவிசாய்க்க வேண்டிய நிலை அரசியல்வாதிகளுக்கு ஏற்பட்டதன் பயனாக ஊர்தோறும் வைத்தியசாலைகள் எழுந்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. வருமானத்திற் குறைந்த ஒரு நாடு ஆயுளில் உயர்ந்து நிற்பதற்கு எடுத்துக்காட்டாக இலங்கையை அமர்த்தியா சென் முதலிய பொருளியலறிஞர் பிற்காலத்திற் சுட்டினர். ஆனால் இவ்வளர்ச்சி நிகழ்ந்த அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். வாக்கு இல்லாதவனுக்கு வைத்தியசாலை கேட்க நா இல்லை. அரசாங்கக் குடும்பநல உத்தியோகத்தரின் கடமைப் பிரதேசங்கள் பெரும்பாலும் தோட்ட எல்லையோடு நின்றன. தோட்டம் தனியார் உடைமை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

தேசிய சராசரி என்பது பயனுள்ள ஓர் அளவுகோல். அதே வேளையில் அது ஒரு திரையுமாகும். 1973-74 காலத்து உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் இறப்பு வெகுவாக உயர்ந்தபோது அத்திரை சிறிது விலகியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் வழியாகப் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசு உடைமையாளனான பின்னராவது தோட்ட மருத்துவமும் நாட்டின் மருத்துவமும் ஒன்றாதல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மருத்துவிச்சிகளைப் பயிற்றுதல், தடுப்பூசி வழங்கல், தாய்சேய் நலச் சிகிச்சை நிலையங்களை அமைத்தல் முதலான பணிகள் விரிந்தன. 1980களிற் தோட்டங்களின் குழந்தை இறப்பு வீதம் பெரிதும் குறைந்தது. இது போற்றத்தக்க மாற்றமாகும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைகளுடன் பகிர்ந்தது. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தினாற் பொறுப்பேற்கப்பட்டன. ஏனையவற்றையும் படிப்படியாக ஏற்பது நோக்கமாக இருந்தது. அப்பணி இன்றுங்கூட முழுமையாக நிறைவெய்தியதென்று கூறுவதற்கில்லை. கம்பனி, மாகாண நிருவாகம், மத்திய அமைச்சு, நலன்புரி நிறுவனம் என மருத்துவத்தின் உடைமையாளர் பலராயினர். அறவியல் நோக்கில் மிகுந்த ஆபத்துடைய காலம் இத்தகைய இடைக்காலமே. கொடுப்பவன், இனி இது தன் பொறுப்பன்று என்று கையைத் தளர்த்துகின்றான். ஏற்பவனோ, இன்னும் தன்னிடம் வந்து சேரவில்லை என்று கையை நீட்டாதிருக்கின்றான். இருவர்மீதும் சட்டப்படி குற்றமில்லை. இடையில் விழுவது நோயாளியே.

5

இவ்விடைவெளி ஓர் ஊரில் எவ்வாறு தோன்றும் என்பதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலை ஓயாவைச் சேரும் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர் பூண்டுலோயா. பள்ளத்திற் கடைவீதி, சுற்றிலும் டன்சினன், ஷீன் முதலிய தோட்டங்களின் தேயிலைச் சரிவுகள். நகரில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. வரைபடத்தில் நோக்குவோர்க்கு மேற்கணக்கு லயன்களுக்கும் அவ்வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதாகவே தோன்றும். ஆனால் மலையில் தூரத்தை மைலால் அளப்பது பொருந்தாது. ஏற்றம், மழை, பழுதுற்ற பாதை, கிடைக்கின்ற வாகனம் ஆகியவையே அங்கு அளவுகோல்கள்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு நள்ளிரவில் நோவு கண்டதெனக் கொள்ளலாம். தோட்ட மருந்துச்சாலை இயங்கிய காலத்தில் மருத்துவிச்சி லாந்தரோடு லயத்துக்கு வந்திருப்பாள். அவளிடம் போதிய கருவிகள் இல்லாதிருக்கலாம். சிக்கலான பிரசவத்தில் அவள் கைவிரிக்க நேரலாம். ஆயினும் அவள் வந்திருப்பாள். அப்பெண்ணின் மொழியிற் பேசியிருப்பாள். முன்னைய பிரசவம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மருந்துச்சாலை மூடப்பட்டு, அப்பணி நகரத்து வைத்தியசாலையிடம் சேர்ந்த பின்னரோ, அங்கு தகுதி பெற்ற மருத்துவர் இருக்கின்றார். அங்கிருந்து நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்பும் வழியும் இருக்கின்றது. ஆனால் மேற்கணக்கிலிருந்து நகரம் வரையிலுள்ள பாதை எவருடைய பொறுப்பு? கொழுந்து ஏற்றும் லொறியைக் கேட்டுப் பெறுவது இப்போதும் தோட்டத்தின் கருணையா? கூலிக்கு வாகனம் பிடிப்பது குடும்பத்தின் தலைவிதியா? உடன் செல்லும் கணவன் மறுநாளைய பேரை இழக்கின்றான். வைத்தியசாலையில் எழுதப்படுவது அவன் வாசிக்கவியலாத மொழியிலாயின், மனைவிக்கு நேர்ந்தது என்ன என்பதை அறியாமலே திரும்புகின்றான்.

தோட்ட மருத்துவத்தில் அண்மை இருந்தது, உரிமை இருக்கவில்லை. அரசாங்க மருத்துவத்தில் உரிமை உண்டு, அண்மை குறைவு. முன்னையதை எண்ணி ஏங்குவோர், துரையின் கருணையை மருத்துவமெனக் கொள்ளும் பிழையைச் செய்கின்றனர். பின்னையதை மாத்திரம் போற்றுவோர், ஏட்டில் உள்ள உரிமை காலால் நடந்து சென்று பெறவேண்டியது என்பதை மறக்கின்றனர். வள்ளுவர் வகுத்த நான்கினுள் நான்காமவன், அதாவது அருகிருப்பவன், எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சேர்க்கப்பட்டவனல்லன். அவன் இல்லையேல் மருத்துவனும் மருந்தும் நோயாளியை வந்தடைவதில்லை. மாற்றத்தைத் திட்டமிடுவோர் முதலிற் கைவிடுவது பெரும்பாலும் இந்நான்காமவனையே. ஏனெனில் அவனுடைய பணி கணக்கில் எழுதப்படாத பணி.

6

இவ்விடத்து மூன்று தடைகள் எழுப்பப்படலாம்.

முதலாவது, பயன் நோக்கிய வாதம். இறப்பு குறைந்தால் அதுவே போதும். எவ்வாறு குறைந்தது, யாரைக் கேட்டுக் குறைத்தனர் என்பன வேண்டாத ஆராய்ச்சிகள் என்பது அவ்வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. உயிரினும் பெரிதாகிய பயன் வேறில்லை. ஆனால் பயனை மாத்திரம் நோக்கும் அமைப்பு எங்கு சென்று சேரும் என்பதற்கும் தோட்டங்களிலேயே சான்றுண்டு. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணக் கொடுப்பனவை அறிமுகஞ் செய்தது. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை ஏனைய பகுதிகளைவிட மிகுந்து காணப்பட்டது. அளவான குடும்பத்தை விரும்பித் தாமே அதனைத் தெரிந்த பெண்களும் அவர்களுட் பலர். ஆயினும் நாட்கூலியில் வாழும் ஒருத்தியின் முன் பணத்தை வைத்து, வேறு முறைகளைப் போதிய அளவு விளக்காது, அவள் மொழியில் அமையாத தாளில் ஒப்பம் பெறப்படுமாயின், அதனைச் சம்மதம் எனல் தகுமா? மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்று 1785இல் கான்ற் எழுதியது இத்தகைய நிலைமைகளுக்கே பொருந்துவதாகும். புள்ளிவிவரத்திற் சிறந்த பயனாகத் தோன்றுவது, ஒரு தனிமனுசியின் வாழ்வில் மீளாத இழப்பாக இருக்கவுங் கூடும்.

இரண்டாவது, மக்களின் அறியாமை பற்றிய வாதம். தோட்ட மக்கள் புதிய வைத்தியசாலையை நாடத் தயங்குகின்றனர். பழக்கத்தை விட மறுக்கின்றனர். ஆகவே தாமதத்துக்கு அவர்களே காரணம் என்பர். அமைப்புகளின் மாற்றத்தை ஆராய்ந்த கேர்ட் லெவின் 1947இல், உறைந்த நிலையைத் தளர்த்துதல், நகர்த்துதல், மீண்டும் உறையச் செய்தல் என மூன்று கட்டங்களைக் கூறினார். அவர்க்குப் பின்வந்த முகாமைத்துவ நூலார் பலர், தயக்கத்தை வெல்லப்பட வேண்டிய தடையாகவே கருதினர். ஆனால் தயக்கம் ஒரு செய்தியுமாகும். வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கும் தொழிலாளி, மருத்துவ அறிவை மறுக்கின்றானா, அன்றி இழக்கப் போகும் பேரையும் வரிசையிற் கேட்க நேரும் கடுஞ்சொல்லையும் கணக்கிடுகின்றானா? பின்னையதாயின், அவன் அறியாதவனல்லன். மிக நன்றாக அறிந்தவன். 1978இல் அல்மா-ஆட்டாப் பிரகடனம், தம் சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்று வலியுறுத்தியது. கேட்கப்படாதவனின் மௌனத்தை அறியாமை என்று பெயரிடுவது அப்பிரகடனத்துக்கு முரணானதாகும்.

மூன்றாவது, இடைக்காலத் துன்பம் தவிர்க்க முடியாதது என்னும் வாதம். இதில் உண்மை உண்டு. நூற்றாண்டு கடந்த ஓர் அமைப்பு ஓர் இரவில் மாறாது. ஆனால் துன்பம் தவிர்க்க முடியாதது என்பதனால், அது எவர்மீது விழவேண்டும் என்பதும் தவிர்க்க முடியாததாகிவிடாது. உள்ளூராட்சி மன்றங்கள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை புரியத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஏற்பாடு திருத்தப்பட்டது 2018இலேயே. ஒரு சட்ட வாக்கியத்தைத் திருத்த முப்பத்தோராண்டு சென்றது. அம்முப்பத்தோராண்டையும் இயற்கையின் செயல் என்று எவரும் கூறார். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டங்களில் 31.7 சதவீதமாக இருந்தது. குழந்தைகள் இறவாது பிழைத்தனர்; ஆனால் பிழைத்தவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வளரவில்லை. இடைக்காலத்தின் விலை செலுத்தப்பட்டுள்ளது. அதனைச் செலுத்தியோர் அம்மாற்றம் பற்றி ஒரு கூட்டத்திலேனும் அமராதவர்கள்.

7

மேற்கூறியவற்றால் மருத்துவ அமைப்பொன்றை மாற்றுவோர்க்குரிய கடமைகள் மூன்று எனத் துணியலாம். ஏற்பவன் கை இறுகப் பற்றும்வரை கொடுப்பவன் தன் கையைத் தளர்த்துதல் ஆகாது. பொறுப்பு எவரிடமும் இல்லாத ஒரு நாள்கூட இருத்தல் ஆகாது என்பது முதலாவது. மாற்றத்தினால் எழும் புதிய தூரத்தையும் புதிய செலவையும் மாற்றுபவரே ஏற்றல் வேண்டும்; மருந்துச்சாலையை மூடுவோர் வாகனத்துக்கும் பாதைக்கும் வழி செய்த பின்னரே மூடுதல் முறை என்பது இரண்டாவது. நோயாளி தன் மொழியிற் கேட்கவும் மறுக்கவும் முறையிடவும் இடமிருத்தல் வேண்டும்; அவ்விடத்தை அளிக்காத மாற்றம் உடைமையாளரின் பெயரை மாற்றியதேயன்றி வேறொன்றும் செய்யவில்லை என்பது மூன்றாவது.

2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகளைக் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. மலையகத்துக்கு அத்தகைய கட்டடங்கள் இன்னும் வேண்டும். தமிழ் பேசும் மருத்துவரும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் அவற்றினும் கூடுதலாக வேண்டும். அப்பதவிகளுக்குத் தகுதி பெறத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வி வளர்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் மலையக இளைஞரின் தொகை பெருகிவரும் இந்நாளில், அருகிருந்து பணிபுரியும் அந்நான்காமவர் மக்களுள்ளிருந்தே வருதல் இயலாத காரியமன்று.

பூண்டுலோயாவின் மேற்கணக்கில் நோவு கண்ட பெண்ணுக்கு, தன்னை ஏற்றிச் செல்ல வேண்டியது மாகாண சபையா, கம்பனியா, அமைச்சா என்பது தெரிய வேண்டுவதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: அழைத்தால் எவரேனும் வருவர் என்பது. அதனை அவள் ஐயமின்றி அறிந்திருக்கும் நாளிலேதான் இம்மாற்றம் நிறைவெய்தியது என்று கூறுதல் பொருந்தும்.